கைப்பிடியில் இருந்து கையை எடுக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது

என் மகளை ஏழு வயது வரை இடுப்பில்தான் தூக்கிக்கொண்டு போனேன். கல்யாண வீடு, கோயில் கொடை, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் இடது இடுப்பில் அவள், வலது தோளில் பை. கடைசியில் 18 கிலோ இருந்தாள், காலில் மாட்டியிருக்கும் கேலிப்பரின் (காலைத் தாங்கிப் பிடிக்கிற சட்டம்) எடை தனி. "ஒரு வீல்சேர் வாங்கலாமே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என் பிள்ளை நடப்பாள், வாக்கர் பிடித்து வீட்டுக்குள் பத்து எட்டு வைக்கிறாள், அவளைப் போய் நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்களே என்று ராத்திரி அழுதிருக்கிறேன். அந்த ஏழு வருஷத்தில் அவள் எதையும் தானாகப் போய் எடுத்ததில்லை, ஒரு பிள்ளையைத் துரத்தியதில்லை, நான் போகாதே என்று சொன்ன இடத்துக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இதே நிலையில் இப்போது இருக்கிற அம்மா அப்பாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தென்காசிப் பக்கம். மகள் 2014-ல் பிறந்தாள், ஸ்பைனா பிஃபிடாவோடு. கருவில் முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் போவது அது. இது கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று நாம் யோசிக்கிற நேரத்துக்குள். நான் என்ன சாப்பிட்டேன், எந்தக் கிரகணத்தில் வெளியே போனேன் என்று என்னை நானே குடைந்துகொண்ட வருஷங்கள் வீண். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்தால் இது வரும் வாய்ப்பு நன்றாகக் குறையும் என்பதை மட்டும், கல்யாணமான எல்லாப் பெண்களிடமும் நான் வெட்கப்படாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறந்த சில நாளிலேயே முதுகில் ஆபரேஷன், பிறகு தலையில் நீர் சேராமல் இருக்க, அதை வடிக்கிற ஷண்ட் என்ற குழாய் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே அசைவு இல்லை. தொடைக்குப் பின்பக்கமும் உட்காரும் இடமும் உணர்ச்சியே இல்லை. இந்த உணர்ச்சி விஷயம் பின்னால் வரும், அதை நான் லேசாக எடுத்துக்கொண்டு பட்ட பாடு பெரிது.

"சேர்ல உக்கார வச்சிட்டா அப்புறம் நடக்கவே மாட்டா, கால் சூம்பிப் போயிரும்" என்பது என் அத்தை (மாமியார்) அடிக்கடி சொன்னது. பாசத்தில் சொன்னதுதான், நானும் அதையே நம்பினேன். அதை உடைத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட். 2021 நவம்பர் 1-ஆம் தேதி, கொரோனாவுக்கு அப்புறம் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். இரண்டாம் வகுப்பு. கேட்டில் இருந்து வகுப்பு வரை வாக்கரிலேயே போகட்டும் என்று விட்டேன். இருபது நிமிஷம் ஆனது. உள்ளே போய் உட்கார்ந்ததும் வியர்த்து ஊற்றி, டெஸ்க்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாளாம். நான் இதைப் பெருமையாகச் சொன்னபோது அந்தப் பெண் கேட்டார்: "அவ பள்ளிக்கூடத்துக்கு நடக்கப் போறாளா, படிக்கப் போறாளா? வாக்கர்ல நடக்கிறது பயிற்சி, அதை வீட்டுல தினமும் செய்யட்டும். ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்றது வேற விஷயம்." ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டுவிட வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை, நானாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அவள் காலையில் கேலிப்பர் போட்டு அரை மணி நேரம் நிற்கிறாள், நடக்கிறாள். வெளியே கிளம்பினால் வீல்சேர்.

முதல் வீல்சேர் ஒரு முகாமில் இலவசமாகக் கிடைத்தது. மாலை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். பெரியவர்கள் சைஸ், 18 இஞ்ச் அகலம். அதில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்காரலாம். சக்கரத்தைத் தொட அவள் இரண்டு கையையும் கோழி இறக்கையை விரிக்கிற மாதிரி விரிக்க வேண்டும். கால் பலகைக்குப் பாதம் எட்டாது, கால்கள் தொங்கும், அதனால் உடம்பு முன்னால் சரிந்துகொண்டே வரும், நிமிடத்துக்கு ஒரு முறை நான் கக்கத்தில் கைகொடுத்து மேலே இழுத்து உட்கார வைப்பேன். ஆறு மாசம் அதை நான்தான் தள்ளினேன். அவளால் ஒரு அடிகூட நகர்த்த முடியாத வண்டி அது. இதனால் எனக்கு என்ன ஆனது என்றால், "பாத்தீங்களா, இவளுக்கு வீல்சேர் ஓட்ட வராது" என்று முடிவே கட்டிவிட்டேன். வண்டி தப்பு என்று தோன்றவில்லை, பிள்ளைக்குத் திறமை இல்லை என்று தோன்றியது. இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வீல்சேர் கொடுப்பதற்கென்று ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. அதில் மொத்தம் எட்டுப் படிகள். பிள்ளையைப் பரிசோதிப்பது, எந்த மாதிரி வண்டி என்று எழுதிக் கொடுப்பது, பணத்துக்கு வழி, வண்டியைத் தயார் செய்வது, உட்கார வைத்து அளவு சரிபார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பிறகு பழுது பார்த்துக் கவனிப்பது என்று போகும். எங்களுக்கு அந்த எட்டில் வண்டியைக் கையில் கொடுப்பது மட்டும் நடந்தது.

அளவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். வளர்கிற பிள்ளை என்று சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக எடுப்போமே, அதை வீல்சேரில் செய்யக் கூடாது. அகலம் அவள் இடுப்பு அகலம்தான், இரண்டு பக்கமும் உள்ளங்கையை நெட்டுக்குத்தாகச் செருகினால் நுழைய வேண்டும், அவ்வளவுதான். முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். தொடை முழுக்கக் குஷனில் படிந்திருக்கும்போது பாதமும் முழுக்கக் கால் பலகையில் பதிய வேண்டும். சக்கரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கப் போடச் சொல்லுங்கள். விரல் நுனி பின்சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் வர வேண்டும். டயருக்கு வெளிப்பக்கம் இருக்கிற வளையத்தின் உச்சியைப் பிடித்தால் முழங்கை செங்கோணத்தைவிடக் கொஞ்சம் விரிந்து இருக்க வேண்டும். அந்த அச்சை முன்னால் தள்ளிப் பொருத்தினால் ஓட்டுவது லேசு, ஆனால் வண்டி பின்பக்கம் சாயும். பின்னால் பொருத்தினால் சாயாது, ஆனால் கனக்கும், திருப்ப முடியாது. இப்படி அளவு பார்த்து வாங்கிய எங்கள் இரண்டாவது வண்டியில் அச்சை முதலில் பின்னால் வைத்து, பின்பக்கம் சாயாமல் தடுக்கிற இரண்டு குட்டிச் சக்கரமும் போட்டு, அவள் பழகப் பழக அச்சை முன்னால் நகர்த்தினார்கள்.

இந்த இரண்டாவது வண்டிக்கு 26,000 ரூபாய் ஆனது. மகளிர் குழுவில் கடன் வாங்கினேன். வாங்குவதற்கு முன் யுடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) முடித்துவிட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், பள்ளி வழியாக வட்டார வள மையத்திலும் கட்டாயம் கேளுங்கள். வள மையம் நடத்தும் முகாமில் பிள்ளைகளுக்கு உபகரணங்கள் எழுதித் தருகிறார்கள். அங்கே "பெரியவங்க சைஸ் வேண்டாம், அளவெடுத்துக் குடுங்க" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நான் அன்றைக்கு வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன், போட்டோவில்கூடச் சிரித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஓட்டப் பழக்கியது ஒரு அண்ணன். தென்னை மரத்தில் இருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், தானும் வீல்சேரில் இருப்பவர். ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: உங்கள் பிள்ளைக்குச் சொல்லித்தர வீல்சேரில் இருக்கிற பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் பக்கம் அதற்குக் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். ஆய்க்குடியில் 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், அவரே வீல்சேரில் இருந்துதான் அத்தனையையும் கட்டி எழுப்பினார். 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதனால் வீல்சேரில் ஒருவர் வந்து வேலை பார்ப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் புதுசு கிடையாது. ஆனால் என் மகள் அதுவரை தன்னைப் போலச் சக்கரத்தில் வருகிற ஒரு பெரிய ஆளைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அந்த அண்ணன் ஆட்டோவில் இருந்து தானே வண்டிக்கு மாறி, தானே பிரேக்கை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி வந்ததை வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். வாய்ப்பாடமாக நாங்கள் எவ்வளவு சொல்லியிருந்தாலும் அது நடந்திருக்காது.

ரைஸ்மில் பக்கத்தில் நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நெல்லை அள்ளின பிறகு அங்கேதான் பயிற்சி. முதல் இரண்டு நாள் ஓட்டவே விடவில்லை, பிரேக் மட்டும். ஏறுவதற்கு முன் பிரேக், இறங்குவதற்கு முன் பிரேக், எதையாவது எட்டி எடுப்பதற்கு முன் பிரேக். மூன்றாம் நாள்தான் சக்கரம். புதுசாகப் பிடிக்கிற பிள்ளைகள் டயரின் உச்சியில் இருந்து சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டித் தள்ளும், தோள் சீக்கிரம் வலிக்கும். அண்ணன் சக்கரத்தில் சாக்பீஸால் கடிகாரம் மாதிரி கோடு போட்டார். பக்கவாட்டில் பார்த்தால் பதினொன்றில் வளையத்தைப் பிடி, இரண்டு மணி வரை ஒரே நீளமாகத் தள்ளு, விட்டுவிடு, கையைத் தொங்கவிட்டு அப்படியே பின்னால் கொண்டுவா. வண்டி ஓடட்டும், அது நிற்கும் முன் அடுத்தது. திரும்ப வேண்டுமா, ஒரு பக்க வளையத்தை முன்னால் தள்ளு, மறு பக்கத்தைப் பின்னால் இழு, நின்ற இடத்திலேயே சுற்றும்.

இதைச் சும்மா செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளை செய்யும்? நான் கோலம் போட்டேன். ஏழு புள்ளி, ஐந்து புள்ளி என்று இல்லாமல், புள்ளிக்குப் புள்ளி நாலு அடி தள்ளி, களம் முழுக்கப் புள்ளி வைத்தேன். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து வருமே, அதே மாதிரி அவள் வண்டியை வளைத்துக்கொண்டு வர வேண்டும், புள்ளி அழியக் கூடாது. முன்சக்கரத்தை ஈரமாக்கிவிட்டால் அவள் வந்த தடம் தரையில் கோலமாக விழும். இரண்டு வாரத்தில் அவள் போட்ட ஒரு கோலத்தை மாடியில் இருந்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அப்புறம் தெருப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், ஓடிப் பிடிக்கிற ஆட்டம் தொடங்கியது, அதற்குப் பிறகு பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

விழுவதையும் பழக்கினார். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் நிற்பதைக் கற்றுக்கொண்டால்தான் ஒரு சின்ன மேடு, தெருவில் பதித்த கல்லின் இடுக்கு, இதையெல்லாம் தாண்ட முடியும். முன்சக்கரம் சின்னது, இரண்டு விரல் பள்ளத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும், வண்டி நிற்கும், பிள்ளை முன்னால் தெறித்து விழும். பின்னால் ஒரு ஆள் வண்டியில் கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிள்ளை சடாரென்று வளையத்தை முன்னால் தள்ள வேண்டும், அப்போது முன்பக்கம் தூக்கும். ஒரு நாள் கயிறு பிடித்திருந்த என் வீட்டுக்காரர் போனைப் பார்த்த நேரத்தில் அவள் மல்லாக்க விழுந்தாள். நான் ஓடினேன். அண்ணன் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "தாடை எங்க இருந்துச்சு?" "நெஞ்சுல" என்றாள். தலை தரையில் இடிக்கவில்லை. மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும், முழங்கால் முகத்தில் இடிக்காமல் ஒரு கையால் தடுக்க வேண்டும் என்று முன்னாலேயே பாயில் வைத்துப் பழக்கியிருந்தார். ஷண்ட் வைத்த பிள்ளை என்பதால் எனக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வாந்தி, தலைவலி இருக்கிறதா என்று எழுப்பி எழுப்பிப் பார்த்தேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் மறுபடி விட்டேன், அதுவும் ஹெல்மெட்டோடு.

இப்போது அந்தக் கைப்பிடி. வண்டிக்குப் பின்னால் தள்ளுவதற்கு இரண்டு கைப்பிடி இருக்கிறது அல்லவா, என் கை அதைவிட்டுப் போகவே போகாது. அவள் ஒரு மேட்டில் திணறினால், யாராவது பின்னால் நின்று காத்திருந்தால், மழை தூறினால், எனக்கு நேரம் ஆனால், உடனே பிடித்துத் தள்ளிவிடுவேன். இதைக் கவனித்த அண்ணன் தன் தோள் துண்டை எடுத்து இரண்டு கைப்பிடியையும் சேர்த்துக் கட்டினார். "அக்கா, ஒரு வாரத்துக்கு இதை அவுக்கக் கூடாது. நடந்து போற ஒருத்தரை நீங்க பின்னால இருந்து கேக்காம தள்ளுவீங்களா?" அந்த ஒரு வாரம் எனக்குக் கை நடுங்கியது. ஒரு சின்ன மேட்டை ஏற அவளுக்கு மூன்று தடவை ஆகும், நான் ஒதுங்கி நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நிற்பேன். முன்னால் குனிந்து ஏறு என்று வாயால் மட்டும் சொல்வேன். நாலாம் நாள் வாயையும் மூடச் சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலை மிட்டாய் வாங்கப் பெட்டிக்கடைக்குத் தனியாகப் போகிறேன் என்றாள். எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் கடை தெரியும். போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். ஜன்னலில் நின்றேன். கடைக்குப் போனாள், வாங்கினாள், திரும்பவில்லை. கடையைத் தாண்டி வளைவில் திரும்பிவிட்டாள். கால் மணி நேரம் போனது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். குளத்துக் கரைக்குப் போகிற சிமெண்ட் பாதையில், வாத்து மேய்க்கிற ஆளிடம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மிட்டாய், பிரேக் போட்டிருந்தாள். "எங்கட்டி போன? சொல்லாம எங்கட்டி போன?" என்று கத்தினேன். தெருவே பார்த்தது. "வாத்து பாக்கணும்னு தோணுச்சும்மா" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் தட்டியது. ஊரில் எல்லா அம்மாக்களும் நாளுக்குப் பத்துத் தடவை கேட்கிற அந்தக் கேள்வியை, எங்கே போனாய் என்ற கேள்வியை, நான் என் பிள்ளையிடம் ஏழே முக்கால் வயதில்தான் முதல் தடவை கேட்கிறேன். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் நான் தோலை மறந்தேன். உணர்ச்சி இல்லாத பிள்ளைக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வலிக்காது, வலிக்காததால் அசைய மாட்டாள், அசையாததால் எலும்பு அழுத்துகிற இடத்துக்கு ரத்தம் போகாமல் சதை செத்துவிடும். படுக்கைப் புண் என்று நாம் சொல்வது படுக்கையில் மட்டும் வருவதில்லை. 2023 ஆடி மாசம், குஷன் உறையைத் துவைத்து, சாரலில் காயாமல் இருந்து, பள்ளிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் குஷனைப் பின்பக்கம் முன்பக்கமாக மாற்றி வைத்தது நான்தான். மூன்று நாள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது இடது பக்கம் ஐந்து ரூபாய் அளவுக்கு ஒரு தடம். ஆற ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரமும் குப்புறப் படுத்தே கிடந்தாள், பள்ளி இல்லை, களம் இல்லை. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அதனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். தினமும் ராத்திரி கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து உட்காரும் இடம், குதிகால், கேலிப்பர் உரசும் இடம் எல்லாம் பாருங்கள். புத்தகத்தில் சிவந்திருக்கும் என்று போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்து, தொட்டால் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தும் அந்த நிறம் மாறவில்லை என்றால் அன்றைக்கு அந்த இடத்தில் எடை போடவே கூடாது, டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பகலில் கால் மணிக்கு ஒரு தடவை, நெஞ்சு தொடையில் படுகிற மாதிரி முன்னால் குனிய வேண்டும், இல்லையென்றால் இடது பக்கம் கொஞ்ச நேரம், வலது பக்கம் கொஞ்ச நேரம் சாய வேண்டும். இப்போது பக்கத்தில் உட்காரும் தோழிதான் அவளுக்கு மணி. கையைத் தட்டுவாள், இவள் குனிவாள், டீச்சருக்கும் பழகிவிட்டது. வெயிலில் நிறுத்திய வண்டியில் அப்படியே உட்கார வைக்காதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த இரும்பும் ரெக்சினும் தோலைச் சுட்டுவிடும், அவளுக்குத் தெரியாது. சூடான சோற்றுத் தட்டு, டீ டம்ளர் எதையும் மடியில் வைக்கக் கூடாது. ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளுக்கு ரப்பர் மரத்துப் பாலில் (லேடெக்ஸ்) செய்த பொருள்களால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ரப்பர் கையுறை, பலூன் இரண்டும் எங்கள் வீட்டில் கிடையாது. கை உறை வேண்டுமென்றால் விரல் வெட்டிய சைக்கிள் கையுறையில் ரப்பர் இல்லாததாகப் பார்த்து வாங்குகிறோம். சாரலில் வளையம் வழுக்கும்போது அது ரொம்ப உதவும்.

வீட்டைப் பற்றி. எங்கள் நிலைப்படி ஆறு இஞ்ச் உயரம். அதைச் செதுக்கிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னபோது அத்தை கொஞ்சமும் சம்மதிக்கவில்லை, மஞ்சள் குங்குமம் வைக்கிற நிலையில் உளி வைக்கக் கூடாது என்றார்கள். கடைசியில் ஆசாரியிடம் சொல்லி இரண்டு பக்கமும் எடுத்து மாட்டுகிற மரச் சாய்வு செய்தோம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குக் கணக்கு, அப்படியானால் ஆறு இஞ்சுக்கு ஆறு அடி வேண்டும். வெளியே இடம் இருந்தது, உள்ளே நாலு அடிதான் கிடைத்தது, அங்கே மட்டும் ஒரு ஆள் பிடித்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை காலை அத்தை அந்தப் பலகையை எடுத்து வைத்துவிட்டு நிலையைக் கழுவி மஞ்சள் பூசுவார்கள், பேத்தி பள்ளிக்குக் கிளம்புவதற்குள் அவர்களே பலகையை மறுபடி மாட்டிவிடுவார்கள். நான் கை வைத்தால் விடுவதில்லை. கழிப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம், அதற்கு ஆன செலவு கொஞ்சம்தான், பலன் பெரிது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பதை இப்போது அவளே உள்ளே போய்ச் செய்துகொள்கிறாள்.

பள்ளியில் சாய்தளம் இருந்தது. ஆனால் இரண்டு படிக்கு மூன்று அடி நீளம், ஏறினால் பின்னால் கவிழும், இறங்கும் இடம் மணல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் நகலையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியையிடம் காட்டினேன். சண்டை போடவில்லை, அளந்து காட்டினேன். ஒரு வருஷம் இழுத்து, பெற்றோர் கூட்டத்தில் மற்ற அம்மாக்களும் சேர்ந்து பேசித்தான் நீளமானது. அதுவரை வகுப்பை நேராகத் தரையோடு இருக்கும் அறைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அது பெரிய உதவி.

வண்டிப் பராமரிப்புக்கு எந்தப் பெரிய கடையும் வேண்டாம், தெருமுனை சைக்கிள் கடை போதும். பிரேக் டயரின் மேல்தான் அழுத்திப் பிடிக்கிறது, அதனால் காற்று இறங்கினால் பிரேக்கும் பிடிக்காது. வாரத்துக்கு ஒரு முறை காற்று. முன்சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும், மாசம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். "வண்டி கனக்குதும்மா" என்று அவள் சொன்னால் முக்கால்வாசி இதுதான் காரணம்.

வெளியே மனிதர்கள். தேரோட்டத்தன்று கூட்டத்தில் ஒரு பெரியவர் அவள் மடியில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு நகர்ந்தார். எனக்கு உடம்பு எரிந்தது. அவள் பின்னாலேயே வண்டியை விட்டுக்கொண்டு போய், "தாத்தா, ரூவா விழுந்துருச்சு" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். உண்மையிலேயே விழுந்துவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. இன்னொரு நாள் "வீல்சேர்ல இருந்தா டாக்டராக முடியுமாம்மா?" என்று கேட்டாள். வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார் என்று சொன்னேன். "கையால தான செய்வாங்க" என்று அதை ரொம்ப சாதாரணமாக எடுத்துக்கொண்டு வீட்டுப்பாடத்துக்குத் திரும்பிவிட்டாள். போன வருஷம் செக்கப்புக்குச் சென்னை போனபோது மெரினாவில் மணல் மேல் போட்டிருக்கிற மரப்பாதையில் போனோம். 2022 நவம்பரில் திறந்து, அடுத்த மாசமே மாண்டஸ் புயலில் சேதமாகி, அப்புறம் சரிசெய்தது. அதன் நுனி வரை அவளே ஓட்டினாள். நான் பத்தடி பின்னால் வந்தேன், அந்தப் பத்தடியைப் பழகத்தான் எனக்கு அத்தனை காலம் ஆனது.

இப்போது அவளுக்கு 11 வயது. வண்டி சின்னதாகிவிட்டது, இடுப்பில் தடம் விழத் தொடங்கியது, ஆறு மாசத்துக்கு ஒரு முறை அளவு பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான். போன வாரம் புது வண்டிக்கு அளவெடுக்க ஒருவர் வந்தார். வழக்கம்போல என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டார், நான் அவளைக் காட்டினேன். டேப்பின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். அகலம், ஆழம், முதுகு உயரம் எல்லாம் எழுதி முடித்து, "கைப்பிடி எந்த உயரத்துல வைக்கணும்?" என்றார். "கைப்பிடி வேண்டாம்" என்றாள். மலையடிவார ஊர், ஏற்ற இறக்கம், பஸ்ஸில் ஏற்றுவதற்கு எதைப் பிடிப்பது என்று நான் தொடங்கினேன். கொஞ்ச நேரம் வாக்குவாதம். அவர்தான் மடக்கி வைக்கிற மாதிரி கைப்பிடி இருக்கிறது, வேண்டும்போது நிமிர்த்திக்கொள்ளலாம் என்றார். அவள் யோசித்தாள்.

"சரி. ஆனா நான் சொன்னாத்தான் நிமித்தணும்" என்றாள், என்னைப் பார்த்து. அவர் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.